ஒத்து வரலன்னா ஊருக்கு அனுப்பிடுறோம்



போன வாரம் மரவள்ளிக்கு மண் அணைச்சிட்டு வந்து தொட்டியில கால் கழுவிக்கிட்டு இருந்தேன். போன் அடிச்சுது. என் அக்கா மவ. சென்னையில ரெண்டாவது மாடியில வாடகை வூடு. புருசன் பொஞ்சாதி ரெண்டு பேருக்கும் கம்ப்யூட்டர் வேலை. புரூனோன்னு ஒரு நாய் இருக்குது, ஏழு வயசு.

"மாமா, புரூனோவுக்குத் தொணையா ஒரு பூனைக்குட்டி எடுத்துக்கலாம்னு இருக்கோம். நாயும் பூனையும் ஒண்ணா வளருமா? நீங்கதான் ரெண்டும் வெச்சிருக்கீங்களே, அதான் கேக்கறேன்"னுச்சு.

நல்ல கேள்வி. கேட்டதுக்கே சந்தோசம். வாங்கிட்டு வந்த பிறகு கேக்கறவங்கதான் அதிகம். நானும் பதில் சொல்ல ஆரம்பிச்சேன். அதுக்குள்ள அந்தப் புள்ள சொல்லுது, "ஒத்து வரலன்னா ஒண்ணும் பிரச்சினை இல்ல மாமா. நம்ம கொட்டாய்க்கு அனுப்பிடுறோம். அங்க எப்படியாவது பொழச்சிக்கும்."

நான் ஒண்ணும் பேசல. "அப்புறம் கூப்பிடறேன் கண்ணு"ன்னு வெச்சிட்டேன். ராத்திரி களி தின்னும்போதும் அந்த வார்த்தை தொண்டையிலயே நின்னுது. அதனாலதான் இதை எழுதறேன். என் அக்கா மவளுக்கு மட்டும் இல்ல. பட்டணத்துல இருந்துக்கிட்டு "ஊருல விட்டா பொழச்சிக்கும்"னு சொல்ற எல்லாருக்கும் சேர்த்துத்தான். கோவிச்சுக்காதீங்க. கோவிச்சுக்கிட்டாலும் முழுசாப் படிச்சிட்டுக் கோவிச்சுக்கோங்க.

புதுசாப் படிக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை. எங்க தருமபுரிப் பக்கம் நெலத்துலயே கட்டிக்கிற வூட்டுக்குக் கொட்டாய்னு பேரு. எனக்கு அரூர்லேர்ந்து தீர்த்தமலை போற பக்கம் ரெண்டரை ஏக்கர். மரவள்ளி, கொஞ்சம் மஞ்சள், மழை பேஞ்சா கேழ்வரகும் கடலைக்காயும். காவலுக்கு ஒரு நாட்டு நாய், பேரு கருப்பன். எலிக்கு ஒரு பூனை, பேரு சாம்பலு. அந்தச் சாம்பலு எப்படி வந்துச்சுன்னு இது வரைக்கும் நான் எழுதினது இல்ல. எழுத வெக்கமா இருந்துச்சு.

ரெண்டு வருசம் முன்னாடி மார்கழி மாசம். ஒரு ஞாயித்துக்கெழம சாயங்காலம் ரோட்டோரம் பாலத்துக்கிட்ட ஒரு அட்டைப்பெட்டி கெடந்துச்சு. உள்ள நாலு பூனைக்குட்டி. கண்ணு தொறந்திருக்குது, நடக்கத் தடுமாறுது. கீழ பழைய துண்டு விரிச்சு, ஒரு பிளாஸ்டிக் கிண்ணத்துல பாலும் வெச்சிருந்தாங்க. விட்டுட்டுப் போனது யாருன்னு தெரியாது. ஆனா கெட்டவங்க இல்ல. கெட்டவங்களா இருந்தா துண்டு விரிச்சிருக்க மாட்டாங்க. நல்ல மனசோடதான் விட்டுட்டுப் போயிருக்காங்க. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம்.

வூட்டுக்காரி பரிதாபப்பட்டு எடுத்துக்கிட்டு வந்தா. பசும்பால் காய்ச்சி ஊத்தினா. பூனைக்குட்டிக்குப் பசும்பால் ஒத்துக்காது, பேதி புடுங்கும்னு எங்க ரெண்டு பேருக்கும் அப்போ தெரியாது. சினிமாவுலயும் பாடப் புஸ்தகத்துலயும் பூனைன்னா பால்தானே குடிக்குது! ரெண்டே நாள்ல ஒண்ணு பேதியாகி, பனியும் சேர்ந்து, விறைச்சுப் போச்சு.

மூணாம் நாள் நான் ஒரு முட்டாத்தனம் பண்ணேன். "கருப்பன் நல்ல நாய், கோழிக்குஞ்சைக் கூட தொடமாட்டான், மோந்து பாத்துப் பழகிக்கட்டும்"னு ஒரு குட்டியக் கையில எடுத்து அவன் மூஞ்சிக்கிட்ட நீட்டினேன். அவன் வால ஆட்டினான். சரி, சிநேகமாயிட்டான்னு குட்டியக் கீழ வெச்சேன். குட்டி பயந்து ஓடுச்சு. அவ்ளோதான். நான் "டேய்"னு சொல்லி முடிக்கறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிபோச்சு. ஒரு கடி, ஒரு உதறல்.

கருப்பன் அதைக் கொண்டாந்து என் கால்கிட்ட போட்டுட்டு வால ஆட்டினான். எலி புடிச்சிக் குடுத்தாப்பல. அவன் மேல என்ன தப்பு? ஓடுறதைத் தொரத்துறது நாயோட பொறப்பு. தப்பு என் மேலதான். நல்ல நாய்னா எல்லாத்துக்கும் நல்ல நாய்னு நெனச்சேன் பாருங்க, அந்தத் தப்பு. கோழிக்குஞ்சை அவன் தொடாததுக்குக் காரணம், அவன் குட்டியா இருந்தப்பவே கோழிங்களோட வளந்தான். பூனைய அவன் வாழ்க்கையில அப்பதான் மொத மொதலாப் பாக்கறான்.

மூணாவது குட்டி ஒரு நாள் காலையில காணோம். பருந்தோ, நரியோ, தெருவுல போற நாயோ, தெரியல. மிஞ்சினது ஒண்ணு. அதுதான் சாம்பலு.

நாலுக்கு ஒண்ணு. இதுதாங்க நீங்க சொல்ற "பொழச்சிக்கும்". அதுவும் ஒரு குடும்பம் எடுத்துப் பாத்து, சோறு போட்டு, ராத்திரி அடுப்படியில படுக்க வெச்சு நாலுக்கு ஒண்ணு. அந்தப் பெட்டி பாலத்துக்கிட்டயே கெடந்திருந்தா அந்த ஒண்ணும் மிஞ்சியிருக்காது.

இனி கேள்விக்கு வருவோம். நாயும் பூனையும் ஒண்ணா இருக்குமா?

எங்க ஊருல பெரியவங்கள கேட்டா "சென்மப் பகை, ஆகவே ஆகாது"ம்பாங்க. உங்க போன்ல வர்ற வீடியோவப் பாத்தா நாய் வயித்து மேல பூனை தூங்குது. ரெண்டையும் நான் ஒத்துக்க மாட்டேன். சென்மப் பகைன்னா என் கொட்டாய்ல இன்னிக்கு ரெண்டும் ஒரே திண்ணையில எப்படி இருக்கும்? வீடியோ நெசம்னா என் கையில இருந்த குட்டி ஏன் செத்துச்சு? வீடியோ எடுக்கறவங்க ஒத்து வந்த கதையத்தான் எடுப்பாங்க. ஒத்து வராம போனதை எவன் எடுத்துப் போடுவான்?

நெசம் என்னன்னா, அது அந்த நாயப் பொறுத்தது, அந்தக் குட்டியப் பொறுத்தது, நடுவுல இருக்கற மனுசனோட பொறுமையப் பொறுத்தது. நாய்க்குட்டிக்குப் பொறந்த மூணாவது வாரத்துலேர்ந்து பன்னெண்டு, பதினாலு வாரம் வரைக்கும் எதைப் பாத்தாலும் மனசுல பதியற காலம். பூனைக்கு இன்னும் சீக்கிரம், ரெண்டாவது வாரத்துலேர்ந்து ஏழாவது வாரம் வரைக்கும். அந்த வயசுல ஒண்ணை ஒண்ணு பாத்து வளந்தா பாதி வேலை முடிஞ்சுது. ஏழு வயசு நாய், பூனையவே பாக்காம வளந்த நாய்னா, நம்ம பாடு அதிகம். முடியாதுன்னு சொல்லல. பாடு அதிகம்னு சொல்றேன்.

நாயோட சாதியும் பாக்கணும். சிப்பிப்பாறை, கன்னி எல்லாம் முயல் தொரத்தறதுக்குன்னே தலைமுறை தலைமுறையா வளத்த வேட்டை நாய். அந்த ரத்தத்துல ஓடுறதைப் பாத்தா சும்மா நிக்கச் சொன்னா நிக்குமா? நின்னாலும் எத்தனை நாளைக்கு நிக்கும்? பழகிடுச்சுன்னு நீங்க கதவைத் தொறந்து விட்டுட்டு ஆபீசு போற அன்னிக்குக் குட்டி ஓடும்.

சாம்பலு விசயத்துல நான் என்ன பண்ணேன்னு சொல்றேன். ஒரு குட்டி செத்த பிறகுதான் புத்தி வந்துச்சு. அரூர்ல ஒரு கால்நடை டாக்டர்கிட்ட கேட்டேன். அவர் சொன்னபடி செஞ்சது இது.

மொத வாரம் ரெண்டும் ஒண்ணையொண்ணு பாக்கவே இல்ல. குட்டி மூட்டை அடுக்கற ரூம்புல. கருப்பன் வெளிய. குட்டி படுத்த சாக்கைக் கருப்பன் படுக்கற எடத்துலயும், கருப்பன் படுத்த சாக்கைக் குட்டி ரூம்புலயும் மாத்தி மாத்திப் போட்டேன். நமக்குக் கண்ணு எப்படியோ அதுங்களுக்கு மூக்கு அப்படி. மூக்கு பழகாம கண்ணைப் பழக்குனா அதுதான் நான் மொதல்ல செஞ்ச தப்பு.

ரெண்டாவது வாரம் அந்த ரூம்புக்கு மேல வரைக்கும் கம்பிவலை அடிச்ச ஒரு கதவு போட்டேன். வலைக்கு இந்தப் பக்கம் கருப்பனுக்கு சோறு, அந்தப் பக்கம் குட்டிக்கு சோறு. மொதல்ல பத்தடி தள்ளி. தெனம் கொஞ்சம் கிட்ட. மூணாவது வாரம் கருப்பனக் கயித்துல புடிச்சிக்கிட்டு உக்காந்தேன், குட்டிய வெளிய விட்டோம். அவன் குட்டியவே வெறிச்சுப் பாத்தா, ஒடம்பை வெறைச்சா, அன்னிக்கு அதோட முடிச்சிக்குவேன். என் மூஞ்சியத் திரும்பிப் பாத்தா ஒரு துண்டு கருவாடு. இப்படியே ஒன்றரை மாசம். ஒன்றரை மாசமும் காத்தாலயும் சாயங்காலமும் அரை மணி நேரம். குட்டி ஏறி ஒக்கார்றதுக்குப் பரண்ல ஒரு எடம், நாய் எட்டாத எடம். கயிறு இல்லாம ரெண்டையும் தனியா விட்டுட்டுப் போனது நாலு மாசம் கழிச்சுத்தான்.

ஒண்ணு கவனிங்க. நாய் வால ஆட்டினா பெரும்பாலும் சந்தோசம், எல்லா நேரமும் இல்ல. பூனை வால அடிச்சி ஆட்டினா கோவம். ஒருத்தர் பாசை இன்னொருத்தருக்குப் புரியாது. நடுவுல நின்னு மொழிபெயர்க்க ஒரு ஆள் வேணும். அந்த ஆள் நீங்க. உங்களுக்கு அரை மணி நேரம் இருக்குதா?

இன்னிக்கு ரெண்டும் பிரியமா இருக்குதுன்னு சொல்ல மாட்டேன். அவன் திண்ணையில ஒரு மூலை, இது ஒரு மூலை. ஒண்ணு வந்தா இன்னொண்ணு எழுந்து போறது இல்ல, அவ்ளோதான். அண்ணன் தம்பி பாகம் பிரிச்சிக்கிட்டு ஒரே வூட்டுல இருக்கறாப்பல. அது போதும்.

சரி, எனக்கு எதுக்குப் பூனை? கதை கேக்கறதுக்கு இல்ல. விதைக்கு எடுத்து வெச்ச கடலைக்காய் மூட்டைய எலி ஓட்டை போட்டுடுது. மரவள்ளி வேரை நெலத்துலயே தோண்டித் தின்னுடுது. எலி மருந்து வெச்சா எலி செத்து எங்கயோ போய் விழும். அதைக் கருப்பன் தின்னா அவனுக்கும் ஆபத்து, கோழி கொத்தினா அதுக்கும் ஆபத்து. அதனால எனக்குப் பூனை ஒரு வேலையாள். நாயும் அப்படித்தான். எங்க பக்கத்து மாவட்டம் திருவண்ணாமலை, செங்கம் வட்டாரத்துல எடத்தனூர்னு ஒரு ஊரு. அங்க மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒண்ணு இருக்குது, 7-ம் நூற்றாண்டு. எருமை மந்தையக் காக்கப் போய் செத்த கருந்தேவகத்திங்கற வீரனுக்கு நட்ட கல்லு. அவன் கூடவே அவனோட நாயையும் செதுக்கியிருக்காங்க. அந்த நாய்க்குப் பேரும் வெட்டியிருக்காங்க, கோவிவன்னு. கள்ளனைக் கடிச்சுக் காத்து நின்ன நாயாம். ஆயிரத்து நானூறு வருசம் முன்னாடி எங்க சனம் ஒரு நாய்க்குப் பேரு வெச்சு, அந்தப் பேரைக் கல்லுல வெட்டியிருக்குது. அது காட்சிப் பொருள்னு இல்ல. அது அந்த வூட்டோட பங்காளி.

இப்போ உங்களக் கேக்கறேன். ரெண்டாவது மாடியில எலி இல்ல. மூட்டை இல்ல. பூனை எதுக்கு? "நாய்க்குத் தொணை"ன்னு சொல்றீங்க. நான் முகத்துக்கு நேரா சொல்றேன், உங்க நாய்க்குத் தொணை வேணும்னா அது நீங்கதான். காலையில எட்டு மணிக்குப் பூட்டிட்டுப் போய் ராத்திரி எட்டு மணிக்கு வர்றீங்க. அது கதவைப் பாத்துக்கிட்டுப் படுத்திருக்குது. உங்க மனசு உறுத்துது. அந்த உறுத்தலை ஆத்திக்க இன்னொரு உசுரை உள்ள கொண்டாந்து போடறீங்க. தனியாத் தவிச்ச ஒண்ணு இப்போ ரெண்டாத் தவிக்கும். நடுவுல யாரும் இல்லாத வூட்டுல.

உங்களுக்குப் பூனை புடிக்கும், ஆசையா இருக்குதுன்னா அதை அப்படியே சொல்லுங்க. அது தப்பே இல்ல. ஆசைப்பட்டு வளக்கறது நல்ல காரணம். நாய் பேரைச் சொல்லி வாங்காதீங்க. நாய் கேக்கல.

செலவும் யோசிங்க. குட்டி குறைஞ்சது எட்டு வாரமாவது தாய்கிட்ட இருக்கணும். மூணு மாசத்துல வெறிநோய் தடுப்பூசி, அப்புறம் வருசா வருசம். நாய்க்குப் போடறது மாதிரியே பூனைக்கும் போடணும். பூனை கடிச்சா ஒண்ணும் ஆகாதுன்னு நம்ம சனத்துல பாதிப் பேரு நெனச்சிக்கிட்டு இருக்குது. பூனைக்கும் வெறிநோய் வரும், பூனை கடிச்சாலும் பிராண்டினாலும் சோப்பு போட்டுக் கால் மணி நேரம் தண்ணியில கழுவிட்டு அரசு ஆஸ்பத்திரிக்கு ஓடணும். 0, 3, 7, 28-ம் நாள்னு ஊசி. வந்துட்டா காப்பாத்த வழி இல்லாத நோய் அது. நாய்த் தீனியவே பூனைக்கும் போட்டுக்கலாம்னு கணக்குப் போடாதீங்க. பூனைக்கு டாரின்னு ஒரு சத்து கறி மீன்லேர்ந்துதான் கெடைக்கணும், இல்லன்னா கண்ணும் இருதயமும் கெட்டுப் போகும். தயிர் சாதத்துல பூனை வளக்க முடியாது. உங்களுக்குக் காய்ச்சல் வந்தா போட்டுக்கற பாராசிட்டமால் மாத்திரை பூனைக்கு வெசம். பால்கனிக்கு வலை அடிக்கணும், இல்லன்னா ஒரு நாள் குருவியப் பாத்துத் தாவும்.

முக்கியமானது கருத்தடை. பொட்டைக் குட்டி ஆறு மாசத்துலயே, சில சமயம் அதுக்கு முன்னாடியே, சினைக்கு வந்துடும். ரெண்டு மாசத்துல நாலஞ்சு குட்டி. ஒரு ஆபரேசனை ஒத்திப் போட்டா அடுத்த அட்டைப்பெட்டி தயார். என் பாலத்துக்கிட்ட கெடந்த பெட்டியும் அப்படி ஒத்திப் போட்ட பெட்டியாத்தான் இருக்கும்.

இப்போ "பொழச்சிக்கும்"ங்கற வார்த்தைக்கு வர்றேன். நாலு செவுத்துக்குள்ள, கிண்ணத்துல தீனி தின்னு வளந்த பூனைய எங்க ஊருல விட்டா அதுக்கு எந்த நாய் எந்தக் கொட்டாய்ல இருக்குதுன்னு தெரியாது. எலி கேக் எந்த மூலையில வெச்சிருக்குதுன்னு தெரியாது. கைப்பிடிச் செவுரு இல்லாத கெணறு எங்க இருக்குதுன்னு தெரியாது. அரூர்-சேலம் ரோட்டுல லாரி எந்த வேகத்துல வருதுன்னு தெரியாது. கிராமம்னா உங்களுக்குப் பச்சைப் பசேல்னு ஒரு படம். பூனைக்கு அது தெரியாத ஊரு. உங்களக் கொண்டாந்து சித்தேரி மலையில ராத்திரி பத்து மணிக்கு எறக்கி விட்டுட்டு "காய் கனி எல்லாம் இருக்குது, பொழச்சிக்கோ"ன்னு சொன்னா எப்படி இருக்கும்?

அப்படியே பொழச்சாலும் எதைத் தின்னு பொழைக்கும்? கோழிக்குஞ்சு, ஓணான், தேன்சிட்டு, வரப்போரம் முட்டையிடற காடை கவுதாரி. பக்கத்து வூட்டுக் கோழிக்குஞ்சு போனா சண்டைக்கு வர்றது உங்ககிட்ட இல்ல, எங்ககிட்ட.

சட்டம் என்ன சொல்லுதுன்னு பாத்தேன். 1960-ல வந்த மிருகவதைத் தடைச் சட்டம். கலாக்ஷேத்ரா ருக்மிணி தேவி அருண்டேல் அம்மா ராஜ்ய சபாவுல விடாமப் பேசிப் பேசி அதுக்கு வித்து போட்டாங்க. அதுல 11-வது பிரிவுலயே இருக்குது, பசியிலயும் தாகத்துலயும் தவிக்கும்னு தெரிஞ்சே ஒரு மிருகத்தைக் காரணம் இல்லாம கைவிடறது குத்தம். சரி, தண்டனை? மொத தடவைன்னா பத்து ரூவாயிலேர்ந்து அம்பது ரூவா அபராதம். அறுவது வருசத்துக்கு மேல ஆச்சு, அந்த அம்பது ரூவா அப்படியே நிக்குது. அந்தப் பெட்டியில விரிச்சிருந்த துண்டே அதுக்கு மேல வெலை இருக்கும்.

போன 2025-ம் வருசம் முழுக்க டிவியில தெருநாய் சண்டை. ஆகஸ்டு 11-ம் தேதி டெல்லி நாயெல்லாம் புடிச்சு அடைங்கன்னு சுப்ரீம் கோர்ட்டு சொல்லுச்சு. 22-ம் தேதி மூணு நீதிபதிங்க ஒக்காந்து, கருத்தடையும் தடுப்பூசியும் போட்டுப் புடிச்ச எடத்துலயே விடுங்க, வெறிநோய் உள்ளதையும் ரொம்ப மூர்க்கமானதையும் மட்டும் விடாதீங்கன்னு மாத்திச்சு. நீங்க எல்லாம் ரெண்டு கட்சியா நின்னு அடிச்சிக்கிட்டீங்க. எங்க விடறதுன்னு அத்தனை பேரும் பேசினாங்க. எங்கேர்ந்து வருதுன்னு எத்தனை பேரு பேசினாங்க? எல்லாத் தெருநாயும் வளத்தவங்க விட்டதுன்னு நான் சொல்லல. ஆனா கழுத்துல பட்டை போட்ட தடம் இருக்கற நாய எங்க பஸ் ஸ்டாண்டுலயே நான் பாத்திருக்கேன். முடி அடர்ந்த சீமை நாய் ஒண்ணு, தருமபுரி வெயில்ல டீக்கடை பெஞ்சுக்குக் கீழ நாக்கைத் தொங்கப் போட்டுக்கிட்டு. அது தெருவுல பொறந்த நாயா?

"நீங்க மட்டும் யோக்கியமா? கிராமத்துல பூனைக்குட்டிய சாக்குல கட்டி ஆத்துக்கு அந்தாண்ட விடறது இல்லையா?"ன்னு நீங்க கேக்கலாம். கேளுங்க. விட்டிருக்கோம். என் தாத்தா விட்டிருக்காரு. சின்ன வயசுல சாக்கைத் தூக்கிக்கிட்டு நானே அவர் கூடப் போயிருக்கேன். தென்பெண்ணை ஆத்துக்கு அந்தக் கரையில கொட்டிட்டு, திரும்பிப் பாக்காம வாடான்னாரு. நான் திரும்பிப் பாத்தேன். இன்னும் கண்ணுல நிக்குது. எங்க தப்பை நான் மறைக்கல. ஆனா நாங்க செஞ்சதை "பொழச்சிக்கும்"னு அழகாச் சொல்லல. கொண்டு போய்த் தொலைச்சிட்டோம்னுதான் சொன்னோம். நீங்க அதே சாக்குக்குத்தான் துண்டு விரிக்கறீங்க.

இப்போ முடிவுக்கு வர்றேன். நாய் இருக்கற வூட்டுக்குப் பூனைக்குட்டி கொண்டு வரலாமா? என் பதில் இதுதான். மொதல்ல, திருப்பி அனுப்பற எடம்னு ஒண்ணை மனசுலேர்ந்து அழிச்சிடுங்க. கொட்டாய் இல்ல, ஊரு இல்ல, மாமன் இல்ல. பன்னெண்டு பதினஞ்சு வருசம் அந்தப் பூனை உங்க வூட்டுலதான், நாய் ஒத்துக்கிட்டாலும் ஒத்துக்காட்டியும். ஒத்துக்கலன்னா தெனம் ஒண்ணை ஒரு ரூம்புல பூட்டி, இன்னொண்ணைத் தொறந்து விட்டுக்கிட்டு இருக்கணும். அப்படி நெனச்சுப் பாத்துட்டு, அப்பவும் வேணும்னு தோணுச்சுன்னா கொண்டு வாங்க. நானே வந்து பழக்கித் தர்றேன். "பாத்துக்கலாம், இல்லன்னா அனுப்பிடலாம்"னு ஒரு மூலையில தோணுச்சுன்னா வேண்டாம். சின்ன ஏக்கத்தோட நீங்க இருந்துடலாம். அந்த உசுருக்கு அது உசுரு.

அன்னிக்கு ராத்திரியே என் அக்கா மவளுக்குக் கூப்பிட்டு இதைத்தான் சொன்னேன். அந்த மூணு குட்டிக் கதையையும் சொன்னேன். மொத தடவையா சொன்னேன். அதுக்குக் கோவம். "நான் என்ன மாமா ரோட்டுலயா விடறேன்னேன், உங்ககிட்டதானே குடுக்கறேன்னேன்"னுச்சு. "என்கிட்ட குடுக்கறதும் கருப்பன்கிட்ட குடுக்கறதும் ஒண்ணுதான் கண்ணு"ன்னேன். வெச்சிடுச்சு. நாலு நாள் பேச்சே இல்ல. அக்கா வேற கூப்பிட்டு "புள்ள மனசை நோகடிச்சிட்டியாடா"ன்னு திட்டினா.

நேத்து சாயங்காலம் போன் வந்துச்சு. "மாமா, அவரு அடுத்த ரெண்டு மாசம் வூட்டுலேர்ந்தே வேலை செய்யறேன்னு எழுதிக் குடுத்திருக்காரு. பூனை இன்னும் எடுக்கல. அந்தக் கம்பிவலைக் கதவு சொன்னீங்களே, அது எத்தனை அடி ஒசரம் வேணும்? இங்க ஆசாரி நாலடி போதும்ங்கறாரு"ன்னுச்சு.

நாலடி பத்தாது கண்ணு. மேல வரைக்கும் போடச் சொல்லு.